ஐந்தாவது சானல்

நகரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கருமாதிக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில் லேப்டாப் தானாக அணைந்து அப்டேட் ஆகத் தொடங்கியது. தபேலா போயிற்று, ஹார்மோனியம் போயிற்று, கோரஸ் போயிற்று. மேடையில் சிவசங்கரி மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன கிழவரின் பெயரை வெறும் தொண்டையில் இழுத்தபடி நின்றாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. முப்பத்தேழு சதவீதம். பந்தலில் இருந்த முன்னூறு பேரும் சவுண்டு மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பவன்குமாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பவன்குமாருக்கு வெட்கமாக இல்லை. அருவருப்பாக இருந்தது. அந்த நேரத்தில் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஆட்டுக்கறி வேகும் வாடை வந்தது. செத்தவரின் படம் ஆளுயரத்துக்கு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு, மேடை நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் சித்தூர் பல்லவி மெலடீஸின் சவுண்டு ஆள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். வயது முப்பது. பல்லவி மெலடீஸ் கல்யாணத்துக்குப் போகும், கெங்கம்மா கோயில் ஜாத்திரைக்குப் போகும். ஆனால் இந்த இரண்டு வருடமாக அதிகம் போவது கருமாதிக்குத்தான். சித்தூரிலிருந்து சத்தியவேடு வரைக்கும் தமிழ் பேசும் ஊர்களில், பதினாறாம் நாள் காலையில் படையல் முடிந்து கறிச்சோறு வேகும் வரை வந்த சனத்தை உட்காரவைக்க ஒரு கச்சேரி வேண்டும் என்றாகிவிட்டது. தெலுங்குக்காரர்களும் பார்த்துவிட்டுத் தங்கள் பெத்தகர்மாவுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மேடையில் ஒரு டிரம்ஸ், ஒரு கீபோர்டு, ஒரு சிவசங்கரி. மற்றதெல்லாம் டிராக். முன்கூட்டியே பதிந்து வைத்த வாத்தியங்கள் லேப்டாப்பிலிருந்து வரும். அவள் மேலே பாடுவாள்.

முதலாளி புருஷோத்தமன் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருந்தார். இறந்தவர் பெயர், வயது, கூடப் பிறந்தவர்கள், பேரப்பிள்ளைகளின் செல்லப் பெயர், எப்படி உயிர் போனது. வீட்டார் அதை நிரப்பிக் கொடுப்பார்கள். அவர் கருமாதிக்கென்றே வைத்திருந்த பெரிய பாட்டில் பெயருக்காக நான்கு இடம் காலியாக விடப்பட்டிருந்தது. சிவசங்கரி படிவத்தைப் பார்த்து அந்த நான்கு இடத்திலும் பெயரைப் போடுவாள். மூன்றெழுத்துப் பெயராக இருந்தால் இழுப்பாள். ஏழெழுத்தாக இருந்தால் நசுக்குவாள். நான்காவது தடவை பெயரைச் சொன்னதும் மைக்கைத் தாழ்த்தித் தலையைக் குனிந்துகொள்வாள். அப்போது டிராக்கில் ஒரு ஆண் அழுவான்.

இருபத்திரண்டு வினாடி. முதலில் தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு ஏறும். பிறகு நாய் எலும்பைக் கக்குவது போல இரண்டு தடவை. பிறகு நீளமாக ஒரு இழுப்பு, மூக்கு உறிஞ்சல், மறுபடியும் கக்கல். பந்தல் முழுக்க அந்த இடத்தில்தான் உடையும். வராத அழுகையை முந்தானைக்குள் தேடிக்கொண்டிருந்த பெண்கள் கூட அங்கே வந்ததும் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் பாட்டைப் புதிதாக மாற்றி எடுத்தபோது புருஷோத்தமன் அதைச் சேர்த்திருந்தார். சென்னையில் யாரோ டப்பிங் ஆள் என்று சொன்னார். அதிலிருந்து போன் ஓயவில்லை.

பவன்குமாருக்கு அந்த ஆளின் மேல் கொலை வெறி. எப்படி ஒருத்தன் கூலிக்கு இப்படிக் கக்குவான். எச்சில் சத்தம் கூடக் கேட்கிறது. ஒவ்வொரு கருமாதியிலும் அந்த இருபத்திரண்டு வினாடி வரும்போது அவன் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டுக் கீழே கிடக்கும் ஒயர்களைப் பார்ப்பான். குறைக்கவும் வழியில்லை. லேப்டாப்பிலிருந்து வெளியே வருவது இரண்டே கோடு. இடது பக்கம் டிரம்ஸ்காரர் காதுக்கு மட்டும் போகும் டிக் டிக். வலது பக்கம் மொத்தப் பாட்டும், அழுகையும் சேர்ந்து, சோற்றில் பிசைந்த மண் மாதிரி.

நகரி கச்சேரி அப்படி ஆனதும் புருஷோத்தமன் மறுநாளே முடிவு கட்டிவிட்டார். லேப்டாப் வேண்டாம், வேறு நல்ல மெஷின் வாங்கலாம், படித்தவன் நீயே பார் என்றார். பவன்குமார் ஒரே நிபந்தனை போட்டான். வாத்தியம் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே வரும் மெஷினாக இருக்க வேண்டும். வந்ததும் அவன் முதல் வேலையாக அந்த அழுகையை மூடுவான். திறக்கச் சொன்னால் வேலையை விட்டுவிடுவான்.

புருஷோத்தமன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"அது இல்லன்னா நம்பள எவன்பா கூப்புடுவான்? நீ மொதல்ல மெஷின பாரு."

பவன்குமாரின் மனைவி கலைவாணி இறந்து எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல். ஐந்து நாள். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை. அவளுடைய பதினாறாம் நாள் புத்தூர் பக்கத்தில் அவள் அம்மா வீட்டில் நடந்தது. பல்லவி மெலடீஸ் சும்மாவே வந்து வாசித்தது. மைக் கட்டியது பவன்குமார்தான். வேறு யாருக்கும் அந்த மிக்சர் பிடிபடாது. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. காலையிலிருந்து ஒயர் இழுத்தான், பெட்டிகளைத் தூக்கினான், சட்டையில் காலர் மைக்கைக் குத்திக்கொண்டு ஒண்ணு ரெண்டு என்று சொல்லிப் பார்த்தான். ஒரு சொட்டு கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, சுடுகாட்டிலும் வரவில்லை. பொண்டாட்டி கருமாதியில் பட்டனைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்று புத்தூர் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மற்றவர்கள் சொன்னது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மாமியார் லட்சுமம்மாவின் மௌனம்தான் உள்ளே கிடந்து அறுத்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாளும் அவனோடு தரையில் படுத்தவள். அன்று மதியம் பின்கட்டு வாசலில் நின்று, "பவனு, எல ஆறுது, வா" என்று சாப்பிடக் கூப்பிட்டாள். அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. சாயங்காலத்திலிருந்து அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். போன் செய்தால் எடுக்கவில்லை. காரணம் கேட்க அவன் போகவில்லை. காரணம் தெரியும் என்று நினைத்தான்: இவன் அழாத ஜடம்.

மெஷின் வாங்கத் திருப்பதிக்குப் புறப்பட்ட வாரத்தில்தான் பாகாலாவிலிருந்து தகவல் வந்தது. லட்சுமம்மாவின் அண்ணன் கங்கையா, எழுபத்திரண்டு வயது, தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாளுக்குப் பல்லவி மெலடீஸ்தான் வேண்டும் என்று லட்சுமம்மாவே புருஷோத்தமனுக்குப் போன் செய்திருந்தாள். ஏர்பேட்டில் ஒரு சம்பந்தி வீட்டுக் கருமாதியில் அந்த ஆண் அழும் பாட்டை அவள் கேட்டிருக்கிறாள். அது கட்டாயம் வேண்டும் என்றாளாம். புருஷோத்தமன் அவள் சொன்னதை அப்படியே, குரலையும் மாற்றி, பவன்குமாரிடம் ஒப்பித்தார்.

"மனுசன்னா அப்டி அழுவணும். மிஷின் கிட்ட உக்காந்துக்கினு கீறவனும் கொஞ்சம் கேக்கட்டும்."

சொல்லிவிட்டு, உங்க மாமியார் தமாஷான ஆளுப்பா என்று சிரித்தார். பற்களில் சுண்ணாம்பு.

திருப்பதி காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது கடை. வாசலில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு குடும்பம் நிழலுக்கு ஒதுங்கி நின்றது. விற்பனையாளன் பெயர் சிரஞ்சீவி. தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பான். என்ன கச்சேரி என்று கேட்டான். கருமாதி என்றதும் முகம் மலர்ந்தது. இப்போது அதுதான் நல்ல மார்க்கெட், கல்யாணத்தைக் கூடத் தள்ளிப்போடுவார்கள், இதைத் தள்ளிப்போட முடியாது என்றான். பவன்குமாருக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. மெஷின்களைக் காட்டச் சொன்னான்.

கூட வந்திருந்த புருஷோத்தமன் முதலில், பாட்டைப் போனிலேயே போட்டால் என்ன என்றார். போன வருடம் அப்படிப் போட்டு, சங்கு முழங்கும் இடத்தில் ஸ்பீக்கர் முழுக்க யாரோ கடன் வேண்டுமா என்று கேட்டதை பவன்குமார் நினைவுபடுத்தினான். டேப்லெட் ஒன்றைச் சிரஞ்சீவி எடுத்து வைத்தான். மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. தகரப் பந்தலின் கீழ் சித்திரை வெயிலில் இது அரைமணி நேரத்தில் சூடேறிப் படுத்துவிடும் என்று பவன்குமார் தள்ளிவிட்டான். லேப்டாப்பையே வைத்துக்கொண்டு ஆறு கோடு வரும் சவுண்டு கார்டு ஒன்றை மாட்டலாம், விலை குறைவு. ஆனால் வியாதி லேப்டாப்பில் இருக்கிறது, சட்டையை மாற்றினால் போகாது.

கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டி. செங்கல் அளவு. பாட்டை ஓட்டுவதைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. நெட் கிடையாது, போன் கிடையாது, அப்டேட் கிடையாது. எட்டு வினாடியில் எழுந்துகொள்ளும். இரண்டு மெமரி கார்டு; ஒன்று நின்றால் மற்றது அங்கிருந்தே தொடரும். கரண்ட் போனாலும் பேட்டரியில் மூன்று மணி நேரம். காலால் மிதித்து நிறுத்தலாம், மிதித்துத் தொடங்கலாம். பின்பக்கம் ஆறு ஓட்டை, ஆறு சானல். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு பொருளைப் பார்த்து இது நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

புருஷோத்தமனிடமிருந்து ஹார்டு டிஸ்கை வாங்கி, பெரிய பாட்டின் தனித்தனி ஃபைல்களைப் பெட்டியில் ஏற்றினான். ஒன்றில் தபேலா, இரண்டில் பேஸ், மூன்றில் ஹார்மோனியம், நான்கில் கோரஸ், ஐந்தில் அழுகை, ஆறில் டிரம்ஸ்காரருக்கான டிக் டிக். புருஷோத்தமன் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போனார். பாட்டு ஓடியது. கடை ஸ்பீக்கரில் அழுகை வந்ததும் சிரஞ்சீவி தலையை ஆட்டி, யார் சார் இது, பிரமாதமாக அழுகிறான் என்று தெலுங்கில் மெச்சினான். பவன்குமார் ஐந்தாவது பட்டனை அழுத்தினான். அழுகை நின்றது. ஹார்மோனியம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. அவ்வளவுதான், இனி ஜென்மத்துக்கும் இந்த நாயைக் கேட்க வேண்டியதில்லை.

பாட்டு முடிந்தது. ஐந்து விளக்குகள் அணைந்தன. ஐந்தாவது சானலின் பச்சை விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

பாட்டைப் பதிந்த ஸ்டூடியோக்காரன் சோம்பேறித்தனமாக அந்த ஃபைலை வெட்டாமல் விட்டிருக்கிறான் என்று பவன்குமார் நினைத்தான். மேடைக்கு வரும் பாட்டில் அதை இருபத்திரண்டு வினாடியோடு அமுக்கியிருப்பான். மூல ஃபைல் அப்படியே நீண்டு கிடக்கிறது. என்ன இருக்கிறது என்று பார்க்க ஹெட்போனை மாட்டி, ஐந்தை மட்டும் திறந்தான்.

துப்பும் சத்தம். சிமெண்டு தரையில் சொம்புத் தண்ணீர் விழுந்தது. கொப்பளித்தல். துணி உரசல். தூரத்தில் ஒரு ஆடு. யாரோ அண்டாவை இழுத்தார்கள். பிறகு ஒரு பொம்பளைக் குரல், கொஞ்சம் தள்ளி நின்று:

"பவனு, எல ஆறுது, வா."

பிறகு மிகவும் பக்கத்தில், மூச்சு ஹெட்போனை நிரப்பும்படி, ஒரு ஆண்:

"வர்றேன் அத்த."

பவன்குமார் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்தான். சவுண்டு எப்படி என்று சிரஞ்சீவி கேட்டான்.

"கிளியரா கீது."

"பில் போட்டுடட்டா சார்?"

"போடு."

திரும்பும் வழியில் சந்திரகிரியைத் தாண்டினார்கள். வேனில் பவன்குமாரின் மடியில் பெட்டி இருந்தது. கலைவாணியின் பதினாறாம் நாளன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவன் வாந்திதான் எடுத்தான். இரண்டு நாளாகச் சாப்பிடாத வயிற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான், வாயைக் கொப்பளித்தான், அத்தை கூப்பிட்டாள், போனான். அதில் அழுகை எங்கே இருந்தது. காலர் மைக் சட்டையில் இருந்ததை மறந்திருக்கிறான், அது ஒன்றுதான் புதிது. ஆறு மாதமாக ஊர் ஊராக ஒளிவட்டப் படங்களுக்கு முன்னால் ஓடியது அவனுடைய வாந்தி.

"அது நான்தான்," என்றான்.

எது என்று புருஷோத்தமன் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே துப்பினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று காலையிலிருந்தே ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்ததாம். இரண்டு மாதம் கழித்து என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தபோது இது வந்ததாம். கேட்டதும் அவரே அழுதாராம், பிள்ளைகள் மேல் சத்தியம். கேட்டுவிட்டுச் சேர்க்கலாம் என்றுதான் இருந்தாராம். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாராம். காசு கொடுத்து எவனை அழவைத்தாலும் இப்படி வராது என்றார்.

"அது அழுக இல்ல. நான் வாந்தி எடுத்துக்கினு இருந்தேன்."

புருஷோத்தமன் திரும்பி அவனை ஒரு தடவை பார்த்தார். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"எதுவா இருந்தா இன்னாப்பா. ஜனம் அழுவுதுல்ல."

கொஞ்ச தூரம் போனதும், நகரியில் கச்சேரி நடத்தும் இன்னொரு பார்ட்டிக்காரன் மிகவும் கெஞ்சியதால் அவனுக்கும் ஒரு காப்பி கொடுத்திருப்பதாக, ஏதோ வரம் கொடுத்தவர் போலச் சொன்னார். பாகாலாவில் ஐந்தாவது சானலைத் திறக்க மாட்டேன் என்றான் பவன்குமார். உன் மாமியார் கேட்ட பாட்டு, போடவில்லை என்றால் அவர்களிடம் நீயே பதில் சொல் என்று புருஷோத்தமன் ரேடியோவைப் போட்டார். பவன்குமார் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் குந்தினான். வாந்தியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒருவேளை வந்தால் அதையும் பதிந்துகொள்வார்கள்.

வேலையை அன்றே விட்டிருக்கலாம். விட்டால் வேறு ஒரு சவுண்டு ஆள் பாகாலாவில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்தைத் திறப்பான். லட்சுமம்மா உட்கார்ந்து கேட்டு அழுவாள். அதனால் போனான்.

பாகாலாவில் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் கங்கையாவின் வீடு. பத்து மணிக்குள் படையல் முடிந்திருந்தது. பந்தல் துணியில் போன விசேஷத்தின் சாம்பார்க் கறை. மைக்கின் பஞ்சுக் குல்லாயில் யாரோ தின்ற வெங்காயத்தின் நாற்றம். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் லட்சுமம்மா இருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அவன் இருந்த பக்கமே பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவளிடம் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது. இரு இரு, அந்த ஆம்பள அழும்போது பாரு, கல்லு கூட கரையும், இங்க சில கல்லு கரையாது அது வேற.

பெரிய பாட்டு பதினொன்றரைக்கு வந்தது. பெட்டி சொன்னபடி எட்டு வினாடியில் எழுந்தது. தபேலா உருண்டது, கோரஸ் விரிந்தது. சிவசங்கரி மூன்று இடத்திலும் கங்கையா பெயரைச் சரியாக வைத்தாள். நான்காவது தடவை, "கங்கையா அண்ணா" என்று இழுத்துவிட்டு, வழக்கம் போல மைக்கைத் தாழ்த்தித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அழுகை வரவில்லை.

ஹார்மோனியம் மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோன பெண்கள் அதை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டிரம்ஸ்காரர் பவன்குமாரைப் பார்த்தார். பின்னால் சமையல்காரன் கரண்டியால் அண்டாவைச் சுரண்டுவது எல்லோருக்கும் கேட்டது. யாரோ இருமினார்கள். இருபத்திரண்டு வினாடி அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. பிறகு கோரஸ் வந்து பாட்டை எடுத்துக்கொண்டு போய் முடித்தது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கச் சொன்னார்கள். கூட்டம் ஏமாந்த முகத்தோடு எழுந்தது. முதல் பந்தியில் புருஷோத்தமன் உட்கார்ந்தார்.

லட்சுமம்மா எழுந்து நேராக மிக்சருக்கு வந்தாள்.

"எங்க அது?"

எட்டு மாதம் கழித்து அவள் அவனிடம் பேசியது அதுதான். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"நீதான் நிறுத்தன. உனக்கும் வராது. இன்னொருத்தன் அழுதாலும் உனக்குப் பொறுக்காது."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. பவன்குமார் ஹெட்போனை எடுத்தான். காது வைக்கும் இடத்தைச் சட்டை நுனியால் துடைத்து அவளிடம் நீட்டினான். இதை மாட்டிக்கொண்டால் ஏதோ கெட்டுப்போகும் என்பது போல அவள் பார்த்தாள். பிறகு கொண்டைக்கு மேல் கோணலாக மாட்டிக்கொண்டாள். அவன் ஐந்தாவது சானலை மட்டும் திறந்து, அழுகை தொடங்கும் இடத்திலிருந்து விட்டான்.

மிக்சரின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பச்சை விளக்கு ஏறி இறங்கியது. அவளுக்கு இது கேட்டுப் பழகிய அழுகைதான். கண் தானாகக் கலங்கியது. பிறகு துப்பும் இடம் வந்திருக்க வேண்டும். புருவம் நெளிந்தது. தண்ணீர் விழுந்திருக்கும், ஆடு கத்தியிருக்கும். சட்டென்று அவள் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள், யாரோ கூப்பிட்ட மாதிரி. பின்னால் யாரும் இல்லை. மறுபடியும் இந்தப்பக்கம் திரும்பி, இந்த முறை பவன்குமாரின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தொட்டி பின்னால," என்றாள்.

"ஆமாத்த."

"நான்தான் ரெண்டு பக்கெட்டு தண்ணி ஊத்தித் தள்ளனேன். பக்கத்துல பாட்டிலு வேற கெடந்துச்சு. எம் பொண்ணு பதினாறாம் நாளுல குடிச்சிட்டு வந்து கக்கி வெச்சிருக்கான்னு..."

பவன்குமார் குறுக்கிட்டான்.

"பாட்டிலு என்னுது இல்ல. அது வாந்திதான் அத்த. அழுக இல்ல. இவங்கதான் அழுகன்னு ஓட்டறாங்க."

லட்சுமம்மா அவனை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அது இன்னான்னு எனுக்குத் தெரியாதா," என்றாள். ஹெட்போனை மேசையில் வைத்தாள். "எவன் எட்த்தான் இத?"

அவன் பந்தியைக் காட்டினான்.

புருஷோத்தமன் எலும்பு ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். விரல்களுக்கு இடையில் எண்ணெய் ஒழுகியது. எதிரில் லட்சுமம்மா வந்து நின்றதும், பாட்டு சரியாக வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, மெஷின் புதுசு, கை இன்னும் பழகவில்லை என்று என்னவோ ஆரம்பித்தார்.

"அந்த அழுவுற சத்தம் எதுல கீது?"

ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, வேனில் இருக்கிறது என்றார்.

"துன்னுட்டு எட்த்துக் குடு. அது எங்க ஊட்டுது."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். கோபமாக நிற்கவில்லை. விருந்தாளி வயிறு நிறைய வேண்டும் என்று பக்கத்தில் நின்று கவனிக்கும் வீட்டுக்காரி மாதிரி நின்றாள். பந்தியில் இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. புருஷோத்தமன் வாயில் இருந்ததை மெல்லப் பார்த்தார், மென்றதை விழுங்கப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். இன்னொரு பிடி எடுத்து இலையிலேயே விட்டார். கடைசியில் எழுந்து, எச்சில் கையை விரித்துப் பிடித்தபடி வேனுக்குப் போய், இடது கையால் எடுத்து வந்து கொடுத்தார். முன்னூறு பாட்டு இருக்கிறதம்மா என்றார்.

லட்சுமம்மா அதை வாங்கி, தின்ற இலைகளைப் போடும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் போட்டாள். மேலாக மிதந்த ரசத்தில் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு இலைகளுக்கு நடுவே, கறித்துண்டுகளோடு, உள்ளே போயிற்று. முன்னூறு பாட்டும், அந்த அழுகை மட்டும் நீங்கலாக, பவன்குமாரிடம் வேறு டிஸ்கில் இருக்கின்றன. அதைச் சொல்ல இது நேரமில்லை.

பழைய லேப்டாப்பில் இருந்த அழுகைப் பாட்டை அவன் முன்பே அழித்திருந்தான்; இப்போது பெட்டிக்குத் திரும்பினான். ஐந்தாவது சானலின் ஃபைலைத் தேர்ந்தெடுத்தான். நீக்கவா என்று பெட்டி ஒரு தடவை கேட்டது. பட்டன் மேல் விரலை வைத்தான். அந்த எட்டு மாதத்தில் அத்தை அவன் பெயரைச் சொன்ன குரல் அதில் மட்டும்தான் இருந்தது. பிறகு அழுத்தினான். முதல் கார்டிலும் போயிற்று, இரண்டாவதிலும் போயிற்று. நல்ல மெஷின்.

ஒயர்களைச் சுருட்டி முடிக்கும்போது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. லட்சுமம்மா தனக்குப் பக்கத்தில் ஒரு இலை போட்டு வைத்திருந்தாள். போய் உட்கார்ந்தான். பரிமாறுகிறவன் கேட்காமல் கறியைக் கொட்டிவிட்டுப் போனான். வாடை முகத்தில் அடித்தது. அவள் கையை நீட்டி, அவன் இலையிலிருந்த கறியையெல்லாம் வழித்துத் தன் இலைக்கு எடுத்துக்கொண்டாள். அவனுக்கு ரசம் கொண்டுவரச் சொன்னாள்.

"இன்னொண்ணு கீது அத்த," என்றான். "நகரிக்காரன் ஒருத்தன் கிட்ட."

அவள் எலும்பைக் கடித்துத் துப்பினாள்.

"நகரிக்கு காத்தால மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

அவன் சொன்னான். ரசம் ஆறிப்போய், மேலே கறி எண்ணெயின் வட்டங்களோடு வந்தது. அதை ஒதுக்கி ஒதுக்கி, பாதிச் சோறு சாப்பிட்டான்.